அம்மாவுக்குக் குளிர்ந்த வருஷம்

எண்பதுகளில் ஒரு சித்திரை மாதம். ஆவடியில் தார் இளகிச் செருப்போடு ஒட்டிக்கொண்டு வருகிற நாட்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு செய்யும் கம்பெனி ஒன்றில் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா கூடத்து மின்விசிறியை நிறுத்திவிட்டு, என் கணவருடைய கம்பளி ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று வயது மகள் வியர்வையில் நனைந்து, வெறும் ஜட்டியோடு தரையில் புரண்டுகொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, இந்த வெயில்ல?"

"குளுருதுடி. உனக்குக் குளுரலியா?"

நான் சிரித்துவிட்டு மின்விசிறியைப் போட்டேன். அம்மா எழுந்து சமையலறைக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அவர் வேலை பார்த்தது ராணுவத்துக்குச் சீருடை தைக்கிற தொழிற்சாலையில். வாரிசு வேலையாக அம்மாவை அங்கேயே எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஊசியில் நூல் கோத்துப் பொத்தான் தைப்பதைத் தவிர வேறு தெரியாதவள், ஒரே வருஷத்தில் சட்டைக் கைகளை வரிசையாகத் தைத்துத் தள்ள ஆரம்பித்தாள். நூறு மிஷின்கள் ஓடுகிற கூடத்தில் பேசிப் பழகியதால் குரல் தெருமுனைவரை கேட்கும். வாயும் அப்படித்தான். தப்பாகத் தைத்தவள் யாராக இருந்தாலும், சூப்பர்வைசரே ஆனாலும், அந்த இடத்திலேயே கேட்டுவிடுவாள். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, பருத்திப்பட்டு ஏரிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்ன வீட்டில் எங்களோடு குடிவந்தாள். என் கணவர் திருநெல்வேலிக்காரர். ஆவடியில் இன்னொரு பாதுகாப்புத் தொழிற்சாலையில் ஃபிட்டர். மாமியாருக்கும் மருமகனுக்கும் பேச்சில் பாதி புரியாது. ஆனாலும் ஒத்துப்போனார்கள்.

அந்தக் கோடையில் முதலில் மாறியது குரல். தொண்டையில் துணி சுற்றியதுபோல் கனத்து, இறங்கி, ஆண்குரல் மாதிரி ஆகிவிட்டது. ஜலதோஷம் என்று நினைத்தோம். பிறகு நடை மந்தமானது. ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் நான் பாத்திரம் ஒன்றைக் கழுவி வைத்துவிடலாம். எப்போது பார்த்தாலும் தூக்கம். முகம் உப்பலாகத் தெரிந்தது. வீட்டில் உட்கார்ந்து சதை போடுகிறாள் என்றார் எதிர் வீட்டு அக்கா.

ஆடி மாதத்தில் பேத்திக்குக் கவுன் தைப்பதாகச் சொல்லி வீட்டுத் தையல் மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பழையபடி ஆகிவிடுவாள் என்று நினைத்தேன். சில நாள் கழித்து, தைத்து முடித்ததை என்னிடம் நீட்டினாள். தலை நுழைகிற கழுத்து வழியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோள்வரை சேர்த்துத் தைத்து மூடியிருந்தாள். தையல் என்னவோ ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருந்தது.

"எப்படிம்மா போடறது இத?"

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கே தப்பு என்று அவளுக்குத் தெரியவில்லை. கடைசியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். முன்பின் தெரியாத வீட்டுக்கு வந்த விருந்தாளி சிரிப்பது மாதிரியான ஒரு சிரிப்பு.

எங்கள் குடும்பத்தில் இது முதல் தடவை இல்லை.

அம்மாவுக்கு ஓர் அக்கா இருந்தாள். செம்பரம்பாக்கம் ஏரிக்குக் கீழே இருந்த ஊரில் நாற்று நடவும் களை எடுக்கவும் போய்க்கொண்டிருந்தவள். ஐம்பது வயதைத் தாண்டியதும் பெரியம்மாவுக்குப் புத்தி குழம்பியது. அடுப்பில் உலையை வைத்துவிட்டு வயலுக்குப் போய்விடுவாள். பெற்ற பிள்ளையைப் பார்த்து யார் என்று கேட்பாள். வெளியே போய்விடக் கூடாது என்று காலில் கயிற்றைக் கட்டித் தூணோடு பிணைத்து வைத்திருந்ததைச் சின்ன வயதில் நானே பார்த்திருக்கிறேன். ஒருநாள் கயிற்றை அவிழ்த்து விட்டிருந்தபோது, பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போய் வருவதாகச் சொல்லிக் கூடையோடு கிளம்பினாள். மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வீட்டுக்கும் திரும்பவில்லை. திருமழிசை, குன்றத்தூர் என்று சைக்கிளில் தேடினார்கள். கிணறுகளில் இறங்கிப் பார்த்தார்கள். இன்றுவரை அவளுக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அம்மா அதைப் பற்றிப் பேசவே மாட்டாள்.

தாய்மாமனுக்குச் சொல்லி அனுப்பினேன். அம்மாவுக்குத் தம்பி. பூந்தமல்லியில் ஒரு கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார். வந்தவர் அம்மாவின் எதிரே உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா அவரை அடையாளம் கண்டுகொண்டாள். ஆனால் "சாப்ட்டியா" என்று கேட்டவள், அவர் பதில் சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப அதையே கேட்டாள். மாமா வாசலுக்கு வந்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அதே மொகம்மா. பெரியக்காவுக்கும் இப்டித்தான் மொகம் உப்பிகினு, கொரலு ஆம்பள கொரலாப் பூட்ச்சி. எங்க வம்சத்துப் பொம்பளைங்களுக்கு எழுதி வச்சி கீது. நாம இன்னா பண்ண முடியும்?"

இதற்குப் பிறகு வேறு காரணம் எதையும் நாங்கள் தேடவில்லை. பக்கத்து டாக்டரிடம் கூட்டிப்போனபோதும், எங்கள் பெரியம்மாவுக்கு நடந்ததைத்தான் முதலில் சொன்னேன். அவரும் தலையை ஆட்டினார். "வயசானா மூளை சுருங்கும்மா. குடும்பத்துலயும் இருக்குன்னா கேக்கவே வேணாம்" என்று சொல்லி ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார்.

வம்சத்துப் பொம்பளைங்க என்று மாமா சொன்னதில் நானும் அடக்கம். ஆபீஸில் டைப் அடிக்கும்போது ஒரு எழுத்து எங்கே இருக்கிறது என்று விரல் தயங்கினால் போதும், தாளை உருவிப் போட்டுவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். ரயிலில் வரும்போது மகளின் பிறந்த நாளை, பள்ளித் தோழிகளின் பேர்களை, வாய்ப்பாட்டை மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். எனக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

புரட்டாசியில் சந்தேகம் வந்தது. என் கணவர் காப்பி கொண்டுவந்து கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைப்பாள்.

"அத்தை, காப்பி ஆறிப்போவுதுல்லா. குடிங்க."

"இன்னாத்தக் கலந்த இதுல?"

"சக்கரை போட்டேன். வேற என்னத்தக் கலக்கப் போறேன்?"

"தெரியும். எல்லாம் தெரியும் எனக்கு."

அவர் என்னைப் பார்ப்பார். நான் அந்தத் தம்ளரை வாங்கி அம்மாவின் முன்னால் ஒரு வாய் குடித்துக் காட்டுவேன். அப்படியும் நம்பமாட்டாள். நீயும் சேர்ந்துகொண்டாயா என்பதுபோல் ஒரு பார்வை.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் கொல்லைப்புறத்துப் படியில் இரண்டு தட்டுகளில் சோறு போட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்று அவள் முன்னால். இன்னொன்று எதிரே, யாரும் இல்லாத இடத்தில்.

"யாருக்கும்மா அது?"

"அக்காவுக்குத்தான். மார்க்கெட்லேர்ந்து இப்பத்தான் வந்தா. பசின்றா."

அம்மா பார்த்துக்கொண்டிருந்த இடத்தை நானும் பார்த்தேன். துவைக்கிற கல்லும் முருங்கை மரமும்தான் இருந்தன. இருந்தும் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்து, என் கணவர் டூட்டி முடிந்து வரும்வரை கொல்லைக் கதவுப் பக்கமே போகவில்லை.

அதற்குப் பிறகு மகளை அம்மாவிடம் விடுவதை நிறுத்தினேன். வேலைக்குப் போகும்போது எதிர் வீட்டு அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போவேன்.

ஐப்பசியில் நல்ல மழை. ஏரி கரையைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஒரு மத்தியானம் எஸ்டேட்டில் மின்சாரம் போய்விட, கம்பெனியில் எங்களைச் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு விரியத் திறந்து கிடந்தது. எதிர் வீட்டுக்கு ஓடினேன்.

"உங்கம்மா வந்து இட்டுகினு போனாங்களே. நல்லாத்தான் பேசினாங்க. பாப்பாவுக்கு ஊட்டறேன்னாங்க" என்றார் அக்கா. சொல்லும்போதே அவர் கண் ஏரிப் பக்கம் திரும்பியது.

எப்படி ஏரிப் பக்கம் ஓடினேன் என்று தெரியவில்லை. கரைமேல் ஏறியதும் கண்ணில் பட்டது அம்மாவின் ஸ்வெட்டர். தண்ணீரோரம் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாள். மகள் முழங்காலளவு தண்ணீரில் நின்று ஆகாயத்தாமரையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். அதற்கு அடுத்த அடியில் எவ்வளவு ஆழம் என்று அந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். மண் எடுத்த பள்ளம்.

சறுக்கிக்கொண்டே இறங்கி மகளை வாரி எடுத்தேன். அம்மா எழுந்து வந்து குழந்தையின் கையைப் பற்றினாள்.

"யார்டீ நீ? எம் பொண்ண வுடு."

"அம்மா, நாந்தாம்மா."

"எம் பொண்ண வுடுடி! அவுங்க அப்பா டூட்டி முடிஞ்சி வர்ற நேரம். ஐயோ, புள்ள புடிக்கிறவ! புள்ள புடிக்கிறவ!"

அந்தக் கனத்த குரலில் அவள் போட்ட கூச்சல் இப்போதும் என் காதில் இருக்கிறது. கரைமேல் மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்களும், மீன் பிடித்துக்கொண்டிருந்தவர்களும் இறங்கி வந்து எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். குழந்தை பயந்துபோய் வீறிட்டு, "ஆயா, ஆயா" என்று பாட்டியிடம் தாவியது. சுற்றி நின்றவர்கள் அதைப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா, யாரு நீ? எந்த ஊரு?" என்று ஒருவர் என் தோளைப் பிடித்தார்.

"இது என் கொழந்த. இவங்க என் அம்மா."

"அந்தம்மா வேற சொல்லுதே. கொழந்தயும் அதுங்கிட்டதான் போவுது."

அந்த நிமிஷத்தில் என்னால் எதையும் நிரூபிக்க முடியவில்லை. என்னைப் பெற்றவள் என்னைத் திருடி என்கிறாள். நான் பெற்றது என்னை விட்டுத் தாவுகிறது. எதிர் வீட்டு அக்கா மூச்சிரைக்க ஓடிவந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா என் பின்னால் கொஞ்ச தூரம் விட்டு நடந்துவந்தாள். நான் திரும்பும்போதெல்லாம் அவளும் நின்றுவிடுவாள்.

அடுத்த நாள் என் கணவர் அம்மாவின் அறைக்கு வெளிப்பக்கம் ஒரு தாழ்ப்பாள் பொருத்தினார். மாமா வந்து, தூரத்து ஊர்க் கோயில் ஒன்றில் இப்படிப்பட்டவர்களைச் சேர்த்துக்கொள்கிறார்கள், விட்டுவிட்டு வந்தால் பார்த்துக்கொள்வார்கள் என்றார். முடியாது என்றேன். முடியாது என்று சொல்லிவிட்டேனே தவிர, என்ன செய்வது என்று தெரியவில்லை. அம்மா அறைக்குள்ளிருந்து கதவைத் தட்டிக்கொண்டே இருப்பாள். பக்கத்து டாக்டரிடம் போய்ச் சொன்னபோது, அமைதியாக இருக்கட்டும் என்று தூக்க மாத்திரை கொடுத்தார். தட்டுவது நின்றது.

மார்கழியில் ஒரு விடிகாலை, காப்பியோடு போய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அம்மா மல்லாந்து கிடந்தாள். கூப்பிட்டேன். தோளைப் பிடித்து உலுக்கினேன். கன்னத்தைத் தொட்டபோது கை தானாகப் பின்னால் வந்தது. முற்றத்தில் பனியில் கிடந்த பித்தளைக் குடம் மாதிரி சில்லென்று இருந்தது. வாய் பாதி திறந்து, தடித்த நாக்கு உதட்டோரம் தெரிந்தது. செத்துவிட்டாள் என்றே நினைத்தேன். என் சத்தம் கேட்டு ஓடிவந்த என் கணவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தார்.

"மூச்சு இருக்கு. மெதுவா வருது."

அவருடைய நண்பர் ஒருவர் அம்பாசடர் கார் கொண்டுவந்தார். இந்த முறை பக்கத்து டாக்டரிடம் போக வேண்டாம், நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடுவோம் என்று என் கணவர்தான் சொன்னார். மகளை எதிர் வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பினோம். பின்சீட்டில் அம்மாவின் தலை என் மடியில். அம்பத்தூர், பாடி என்று கடந்து போய்க்கொண்டிருந்தோம். ஒரு மூச்சு வரும். பிறகு ஒன்றுமே இருக்காது. வெளியே ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். இதுதான் கடைசி என்று நான் முடிவு செய்கிற நேரத்தில் இன்னொரு மூச்சு வரும். நான் வேண்டிக்கொள்ளக்கூட இல்லை. அடுத்த மூச்சுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு எதையும் என்னால் செய்ய முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் முதலில் பார்த்த பையன் டாக்டர், பக்கவாதமாக இருக்கலாம் என்று எழுதினார். பிறகு வார்டுக்குப் பெரிய டாக்டர் வந்தார். ஐம்பது வயதிருக்கும் அம்மாள், தடித்த மூக்குக்கண்ணாடி. பின்னால் ஏழெட்டு மாணவர்கள். நான் அழுதுகொண்டே எங்கள் குடும்பக் கதையை ஆரம்பித்தேன்.

"இது எங்க வம்சத்துல வர்ற வியாதி, டாக்டர்."

"எது?"

"புத்தி போறது."

"இருங்கம்மா. அத அப்புறம் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புறங்கையால் கன்னத்தைத் தொட்டார். முழங்கைத் தோலைத் தேய்த்துப் பார்த்தார். உலர்ந்து செதில் செதிலாக இருந்தது. புருவத்தின் வெளி ஓரத்தில் கட்டைவிரலை வைத்தார். அங்கே முடியே இல்லை. இத்தனை மாதம் தினமும் அந்த முகத்தைப் பார்த்த நான் அதைக் கவனிக்கவில்லை.

"புருவம் முன்னாடியே இப்படித்தானா?"

"இல்ல டாக்டர். அடர்த்தியா இருக்கும்."

"குரல் மாறிச்சா?"

"ஆமா. சித்திரையிலேர்ந்து."

"குளிர் தாங்கமாட்டாங்களா?"

நான் என் கணவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர்தான், "அக்கினி நட்சத்திரத்துலயும் ஸ்வெட்டர் போட்டிருந்தாங்க, டாக்டர்" என்றார்.

டாக்டர் அம்மாவின் காலை மடக்கி வைத்து, குதிகாலுக்கு மேலே நரம்பில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். பாதம் வெடுக்கென்று கீழே போனது. போன பாதம் உடனே திரும்ப வரவில்லை. பிறகு மெல்ல மெல்ல, தண்ணீருக்குள் அசைவதுபோல், பழைய இடத்துக்கு வந்தது. மாணவர்களை நெருங்கி வரச் சொல்லி மறுபடி தட்டிக் காட்டினார். மறுபடியும் அப்படியே.

"தூக்க மாத்திரை எதாவது குடுத்தீங்களா?"

பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்து உதட்டைக் கடித்துக்கொண்டார். அது இந்த உடம்புக்கு ஆகாது என்று மட்டும் சொன்னார். பிறகு என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பொறுமையாகப் பேசினார். கழுத்தில் தைராய்டு என்று ஒரு சுரப்பி இருக்கிறது, அதில் ஊறுகிற ஒன்றுதான் உடம்பு முழுக்கச் சூட்டையும் வேகத்தையும் கொடுக்கிறது, அம்மாவுக்கு அது கிட்டத்தட்ட நின்றுபோயிருக்கிறது என்றார். இதயம் மெதுவாக அடிக்கிறது, குடல் மெதுவாக வேலை செய்கிறது, மூளையும் அப்படித்தான். வயதானவர்களுக்கு வரும்போது மறதி, சந்தேகம், இல்லாதவர்கள் கண்ணுக்குத் தெரிவது எல்லாம் இருக்கும். பார்க்கிறவர்கள் வயதுக் கோளாறு என்று விட்டுவிடுவார்கள்.

"ரத்தம் எடுத்து அனுப்பறேன். ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் காத்திருக்க முடியாது, இன்னிக்கே மருந்து ஆரம்பிக்கிறேன்."

"சரியாயிடுமா, டாக்டர்?"

"பொழைச்சு எழுந்தா, புத்தி திரும்ப வரும்னு நெனைக்கிறேன். பொழைப்பாங்களான்னு இப்ப என்னால சொல்ல முடியாதும்மா."

மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைத்து, மூக்கில் போட்ட குழாய் வழியாக இறக்கினார்கள். கம்பளிகளைப் போட்டு மூடினார்கள். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தேன். இத்தனை மாதம் இருந்ததைவிட அந்த நாட்களில்தான் பயம் அதிகம். அதுவரை இழந்துவிட்டோம் என்று மனசை ஒருவிதமாகக் கட்டி வைத்திருந்தேன். இப்போது கிடைக்கலாம் என்று ஒருவர் சொல்லிவிட்டார். கைக்கு வருவதற்குள் போய்விடுமோ என்று நர்ஸ் கட்டிலை நெருங்கும்போதெல்லாம் எழுந்து உட்கார்ந்தேன்.

சில நாளில் கண்ணைத் திறந்தாள். யாரையும் பார்க்கவில்லை. பிறகு கை அசைந்தது. அப்புறம் கஞ்சி இறங்கியது. ரத்தப் பரிசோதனை முடிவு வந்தபோது டாக்டர் தலையை ஆட்டி, நினைத்தது சரிதான் என்றார். ஆனால் அம்மா பேசவில்லை. என் கணவர் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உயிர் மட்டும் வந்து மற்றது வராமலே போய்விட்டால் என்ன செய்வோம் என்று எங்கள் இருவருக்கும் தோன்றியது.

தை பிறந்த பிறகு ஒரு காலை. அம்மாவுக்கு முகம் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தேன். என் தோளையே உற்றுப் பார்த்தாள். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"இந்த ஜாக்கெட்டு எவ தச்சா?"

"ஏம்மா?"

"கை ஏறி கீது பாரு. ஒழுங்கா வெட்டத் தெரியாதவகிட்டலாம் குடுத்துகினு."

குரல் இன்னும் கனமாகத்தான் இருந்தது. ஆனால் பேசியது அவள். நான் துணியைக் கையில் பிடித்தபடியே தேம்ப ஆரம்பித்துவிட்டேன். "இன்னாத்துக்கு அழுவுற இப்ப?" என்று அதற்கும் ஒரு அதட்டல். பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்த்தார்கள்.

அந்த வாரம் டாக்டர் பெரியம்மாவைப் பற்றி விசாரித்தார். இது குடும்பத்தில் வரக்கூடியது என்றார். மாமா அப்போது வார்டில் இருந்தார். முகம் உப்பியது, குரல் மாறியது, அறுவடைக் களத்தில்கூடப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது என்று அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். டாக்டர் பேனாவை மூடினார். "பாக்காம எதுவும் சொல்ல முடியாது. ஆனா அதுவாவும் இருந்திருக்கலாம்" என்றார்.

மாமா மெல்ல வெளியே போனார். நான் தேடிப்போனபோது மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மாத்திரதானாம்மா?"

"ஆமா மாமா."

"தெனம் ஒரு மாத்திர. அவ்ளோதானா?" அவர் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டார். "நாந்தாம்மா கட்னேன், பெரியக்காவ. இந்தக் கையாலதான் கட்னேன்."

நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

அம்மா வீட்டுக்கு வந்து, பழையபடி ஆவதற்கு அடுத்த ஆடிவரை ஆனது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்டினார், இதயம் தாங்க வேண்டும் என்பதற்காக. முகம் வடிந்தது. புருவம் முளைத்தது. என் கணவரிடம் காப்பியை வாங்கிக் குடித்துவிட்டு, "தண்ணியா கீது" என்று குறை சொன்னாள். அவர் அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தார். அறைக் கதவின் தாழ்ப்பாளை அவர் முன்பே கழற்றியிருந்தார். எனக்குத்தான் பயம் தெளியவில்லை. வேலைக்குப் போகும்போது மகளை எதிர் வீட்டிலேயே விட்டேன். அம்மா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளும் குழந்தையைத் தனியாகத் தூக்குவதில்லை என்பதை நான் பிறகுதான் கவனித்தேன். யாராவது பக்கத்தில் இருந்தால் மட்டும் மடியில் வைத்துக்கொள்வாள்.

எதிர் வீட்டு அக்காவிடம் கேட்டு ஏரியில் நடந்ததைத் தெரிந்துகொண்டிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிசி புடைத்துக்கொண்டே அவளாகப் பேச ஆரம்பித்தாள்.

"ஏரிக்குப் போனது எனக்கு ஞாபகமே இல்லடி. ஆனா மத்ததுலாம் கொஞ்சங்கொஞ்சம் கீது. நீங்கள்லாம் எங்கியோ தூரத்துல நின்னுகினு பேசற மாதிரி இருக்கும். நான் ஒண்ணு சொல்லணும்னு நெனப்பேன். அது வாய்க்கு வர்றதுக்குள்ள நீங்க வேற பேச்சுக்குப் பூடுவீங்க. சரி, வுடு, அப்டின்னு இருந்துடுவேன்." முறத்தைக் கீழே வைத்தாள். "கதவு மூட்ற சத்தம் நல்லா ஞாபகம் கீது. எங்கக்காவ மாதிரி என்னயும் கட்டிட்டாங்கன்னு நெனச்சிகினேன். ரொம்பப் பயந்துட்டேன்டி."

இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்தது நாங்கள் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். கதவுக்கு அந்தப் பக்கம் அவளும் பயந்துகொண்டு இருந்திருக்கிறாள். மறுநாள் மகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனேன். போய்விட்டேன் என்று சொன்னாலும், அன்று அடித்த கடிதங்களில் பாதியைத் திரும்ப அடிக்க வேண்டியிருந்தது. சாயங்காலம் வந்து பார்த்தபோது இரண்டு பேரும் பொரி தின்றுகொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் அவ்வப்போது ரத்தம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு எந்தத் தொந்தரவும் தெரியாத காலத்திலேயே, என் ரத்தத்திலும் அந்தக் குறை தெரிந்தது. தெரிந்த அன்று நான் அவ்வளவாகப் பதறவில்லை. பேர் தெரியாத ஒன்றுக்காக ரயிலில் வாய்ப்பாடு சொல்லிப் பார்த்த நாட்களோடு ஒப்பிட்டால், இது ஒரு மாத்திரையில் அடங்குகிற விஷயம். பதறியது அம்மாதான். அவள் இருந்தவரை, அதாவது பல வருஷம் கழித்து இதயம் நின்று தெளிந்த புத்தியோடு போகும்வரை, காலையில் காப்பிக்கு முன்னால் இரண்டு தம்ளரில் தண்ணீரும் இரண்டு மாத்திரையும் கொண்டுவருவாள். தன்னுடையதைப் போட்டுக்கொண்டு என் எதிரே நிற்பாள்.

"முழுங்கிட்டியா?"

"முழுங்கிட்டேம்மா. ஆபீசுக்கு நேரமாச்சு."

"வாயத் தொற, பாக்கறேன்."

நான் வாயைத் திறந்து காட்டுவேன். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியிலும் பார்த்த பிறகுதான் வழியை விடுவாள்.